கண்மாய்க் கரை, ஊருணி ஒட்டிய நிலத்தில் சீமைக்கருவை: எங்கே வேரோடு எடுப்பது, எங்கே எடுக்கக் கூடாது?

கேள்வி: கல்லல் பக்கம் எங்களுக்கு 8 ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. செம்மண். பதினைந்து வருடம் தரிசாகக் கிடந்து சீமைக்கருவை அடைந்துவிட்டது. வடக்கே கண்மாய்க் கரை. எங்கள் நிலம் கரைக்கு வெளிப்புறம். கிழக்கே செம்பறாங்கல் (வெட்டியெடுத்த சிவப்புக் கல்) சுவர் கட்டிய ஊருணி. அதற்குப் போகும் வரத்துக்கால் எங்கள் நிலத்து ஓரமாகத்தான் ஓடுகிறது. கண்மாய் மூலையில் பத்துப் பன்னிரண்டு மரத்தில் வக்காவும் கொக்கும் கூடு கட்டுகின்றன. ஜேசிபிக்காரர் நான்கு நாளில் எல்லாவற்றையும் பிடுங்கிக் குவித்துக் கொளுத்தித் தருவதாகச் சொல்கிறார். கரி வியாபாரி நிற்கிற மரத்தைக் குத்தகையாகக் கேட்கிறார். யாரிடம் கொடுப்பது? சுத்தம் செய்ததும் ஆட்டுக்கிடை போட்டு, வருகிற புரட்டாசியில் நெல் விதைக்கலாமா?

பதில்: வணக்கம் அம்மா. இரண்டு பேரிடமும் அவரவர் சொல்கிறபடி கொடுக்க வேண்டாம். கரி வியாபாரிக்கு வேண்டியது மண்ணுக்கு மேலே இருக்கும் கட்டை. அவருடைய ஆட்கள் முழங்கால் உயரத்தில் அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சீமைக்கருவையின் உயிர் அங்கே இல்லை. மண் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஓரடி ஆழம் வரை உள்ள வேர்க்கழுத்தில்தான் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே அறுப்பது அதற்குக் கவாத்து செய்த மாதிரி. ஒற்றைத் தடியாக நின்ற மரம் அடுத்த மழைக்குப் பத்துக் கிளை விட்டுப் புதராகிவிடும், பிறகு இயந்திரத்துக்கும் பிடி கிடைக்காது.

ஜேசிபிக்காரர் வேரை எடுப்பார், உண்மை. ஆனால் நான்கு நாளில் 8 ஏக்கர் என்றால் மரத்தோடு மேல்மண்ணையும் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் மேடாக்கிவிடுவார். பதினைந்து வருடச் சருகு மக்கிச் சேர்ந்த அந்த அரையடிதான் உங்கள் நிலத்தில் உள்ள நல்ல மண். கருவை பயறு வகைக் குடும்பத்து மரம், தழைச்சத்தை மண்ணில் சேர்த்திருக்கும். அதை வாரிக் கொடுத்துவிட்டுச் சரளையில் விதைப்பதில் பயனில்லை. கரையோரமும் ஊருணி ஓரமும் அதே வேகத்தில் பிடுங்கினால் வரும் சேதம் இதைவிடப் பெரிது. மரம் நிற்கிற இடத்தைப் பார்த்துத்தான் அதை எடுக்கும் முறையை முடிவு செய்ய வேண்டும்.

வேலைக்கு முன்னால் சர்வேயரை வைத்து எல்லைக்கல் பார்த்துவிடுங்கள். கண்மாய்க் கரை உங்கள் பட்டாவில் வராது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். கரைமேல் நிற்கும் மரத்துக்கு அவர்களிடம் மனுக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். பிறகு ஒரு வாளி சுண்ணாம்போடு நிலத்துக்குள் நடந்து, விடவேண்டிய மரங்களுக்கெல்லாம் இடுப்பு உயரத்தில் வளையம் போடுங்கள். வேம்பு, உசிலை, வெள்வேல், மஞ்சணத்தி எதுவானாலும் நிற்கட்டும். நாட்டுக்கருவேலைத்தான் ஆட்கள் தவறி வெட்டுவார்கள். அதற்குப் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாலை போல இடையிடையே இறுகியிருக்கும். சீமைக்கருவைக்குப் பூ வெளிர்மஞ்சள் கதிர், காய் சதைப்பற்றோடு இனிப்பாக இருக்கும். பனை இருந்தால் தொடவே வேண்டாம். வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும்.

வேலைக்கு ஏற்ற காலம் பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரை. ஆனால் மண் காய்ந்து இறுகிக் கிடக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். செம்மண் அப்படி இருக்கும்போது இழுத்தால் மரம் கழுத்தில் முறிந்துவிடும், மொட்டுள்ள பகுதி மண்ணுக்குள் தங்கிவிடும். கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்து, மூன்றாம் நாள் அரையடி ஆழத்து மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் களியாக ஒட்டினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். ஈரத்தில் இயந்திரம் ஓடினால் சக்கரத்தடத்தில் மண் இறுகி, அந்தத் தடத்தில் இரண்டு மூன்று போகத்துக்குப் பயிர் குட்டையாகவே நிற்கும்.

திறந்த வெளியில் நிற்கும் மரங்களை, அதாவது உங்கள் நிலத்தில் பெரும்பகுதியை, வேரோடு எடுங்கள். முதலில் கிளைகளைக் கழித்து, தண்டை ஆள் உயரத்துக்கு விடச் சொல்லுங்கள். அந்தத் தண்டுதான் நெம்புகோல். அடியோடு அறுத்துவிட்டுக் குத்தியை, அதாவது மிஞ்சும் அடிக்கட்டையை, தோண்டினால் இரண்டு மடங்கு நேரம் ஆகும். தண்டிலிருந்து இரண்டடி தள்ளி இரண்டு பக்கமும் இயந்திரத்தின் வாளியை இறக்கிப் பக்கவேரை அறுத்துவிட்டு, பிறகு தண்டின் மேல்பக்கத்தில் கொடுத்துத் தள்ள வேண்டும். வேர்க்கட்டை புரண்டு வந்ததும் அதைத் தூக்கிக் குழிக்கு மேலேயே இரண்டு முறை உதறினால் மண் அங்கேயே விழும். குழியை அப்போதே மூடிவிட வேண்டும். பக்கவேர்த் துண்டுகள் மண்ணில் கிடந்தால் பயமில்லை, முளைப்பது கழுத்துதான். பிறகு உளிக்கலப்பை ஓட்டிப் பொறுக்கிக்கொள்ளலாம்.

உங்கள் பகுதிச் செம்மண்ணில் ஒன்றரை, இரண்டடிக்குக் கீழே பல இடங்களில் செம்புரைச் சரளை வந்துவிடும். வாளியையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள். மேலே கருஞ்சிவப்பு, பிறகு சிவப்பு, அப்புறம் மஞ்சள் கலந்து கரகரவென்று கல் உருளும். அந்த மஞ்சள் தெரிந்த இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குக் கீழே தோண்டினால் சரளை மேலே வந்து நல்ல மண் அடியில் போய்விடும்.

அறுக்கிறவர்களுக்கு ஒன்று. கருவை நேராக வளராது. சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று பின்னி, வில் மாதிரி இழுவையில் நிற்கும். வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரே வெட்டாக வாளை விட்டால் தண்டு நீளவாக்கில் பிளந்து முகத்தில் அடிக்கும். உள்வளைவில் சிறிதாக ஒரு வெட்டுப் போட்டுவிட்டு, பிறகு வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்க வேண்டும். கண்ணாடி, கெட்டி அடிப்பாகம் உள்ள பூட்ஸ் இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். முள் உள்ளே ஒடிந்தால் சீழ் வைத்து வாரக்கணக்கில் படுக்க வைக்கும். மின்கம்பி போகும் இடத்தில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி லைன் நிறுத்திய பிறகே வெட்டு.

இனி கரையோரம். கரை அடியிலிருந்து 20 அடிக்குள் நிற்கும் மரத்தை, அது உங்கள் பட்டாவாகவே இருந்தாலும், இயந்திரத்தால் பிடுங்கக் கூடாது. அதன் வேர் கரைக்குள் போயிருக்கும். மரத்தை உருவும்போது வேர் இருந்த தடம் குழாய் மாதிரி வெற்றாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்ததும் தண்ணீர் அந்தத் தடத்தைக் கண்டுபிடிக்கும். முதலில் கசியும், பிறகு மண்ணை அரித்துக்கொண்டு வரும், கடைசியில் கரை உட்காரும். இங்கே மரத்தைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு, சுற்றி ஓரடி மட்டும் கடப்பாரையால் பறித்து, கழுத்துக்குக் கீழே கோடரியால் வேரை வெட்டிக் கழுத்தை மட்டும் எடுங்கள். மற்ற வேர் உள்ளேயே கிடக்கட்டும். குழியில் ஈரக் களிமண்ணை அரையடி கனமாகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து, அதன்மேல் அடுத்த அரையடி. தோண்டிய சரளையையே போட்டு மூடுவது தவறு, தண்ணீர் நிற்காது. வேலை கோடையில் முடிந்துவிட வேண்டும், கண்மாயில் தண்ணீர் நிற்கும்போது இங்கே மண்வெட்டி படக் கூடாது.

உள்ளே விட்ட வேர் மெல்ல மக்கும். ஆகவே மூன்று வருடத்துக்குக் கண்மாய் நிறையும்போதெல்லாம் கரை அடியில் நடந்து பாருங்கள். கசிவு தெளிந்த தண்ணீராக இருந்தால் கவனித்து வந்தால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே துறைக்குச் சொல்லி, அந்த இடத்தில் மணலும் அதன்மேல் சரளையும் கொட்டிப் பாரம் வைக்க வேண்டும். களிமண்ணால் அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் வெடித்துக்கொண்டு வரும்.

ஊருணியைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, எனக்கோ அதுதான் பெரிய கவலை. செம்பறாங்கல் சுவர் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிற பாரத்தில் நிற்பது. பின்னால் எட்டு டன் இயந்திரம் வந்து அதிர்ந்தால் வரிசை பிதுங்கிவிடும். ஊருணி எத்தனை அடி ஆழமோ, விளிம்பிலிருந்து அத்தனை அடிக்குள் இயந்திரம் வரக் கூடாது. 12 அடி ஆழம் என்றால் 12 அடி. அதற்குள் உள்ளதெல்லாம் கையால் வெட்ட வேண்டும். கல் இடுக்கில் முளைத்திருப்பதை இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். சுவரோடு ஒட்ட அறுத்துவிட்டு, துளிர் வரவர இருபது, இருபத்தைந்து நாளுக்கு ஒருமுறை ஒடித்துக்கொண்டே இருங்கள். இளந்துளிர் வேரில் சேர்ந்திருக்கும் சத்தைத் தின்றுதான் வருகிறது. இலை முற்றிய பிறகே திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும். அதற்கு முன்னே ஒடித்தால் ஒரு வருடத்தில் பெரும்பாலானவை ஓய்ந்துவிடும். தண்டு தொடை பருமன் இருந்து சுவரை ஏற்கெனவே பிதுக்கியிருந்தால், பஞ்சாயத்தின் சம்மதத்தோடு கல்லுக்குச் சுண்ணாம்பால் எண் எழுதி, மேலிருந்து பிரித்து, வேரை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை வைத்து அதே வரிசையில் அடுக்குங்கள். சிமெண்ட் வேண்டாம். பின்னால் தேங்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரைத் தள்ளும்.

குத்தியில் களைக்கொல்லி தடவச் சொல்வார்கள். கிளைபோசேட்டை அதற்கென உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் வழியாக மட்டுமே அடிக்கலாம் என்று மத்திய அரசு 2022-ல் கட்டுப்படுத்திவிட்டது. டீசலில் கலந்து பூசும் மருந்துகளும் உண்டு. உங்கள் நிலத்து மழைத்தண்ணீர் வரத்துக்கால் வழியாக ஊருணியில் விழுகிறது. எதுவும் வேண்டாம்.

அதே காரணத்துக்காக வரத்துக்காலுக்கு மேட்டுப்பக்கம் 30 அடி அகலத்துக்கு ஒரு பட்டையை இந்த வருடம் தொடாமல் விடுங்கள். மிச்ச நிலத்தையும் ஒரே கோடையில் திறக்காதீர்கள். இந்த வருடம் மேட்டில் 3 ஏக்கர், அடுத்த வருடம் 3, அதற்கடுத்து மீதியும் அந்தப் பட்டையும். அடர்ந்து நின்ற மரம் போய் வெறும் செம்மண்ணில் ஐப்பசி மழை விழுந்தால், ஒரே இரவில் வண்டி வண்டியாக வண்டல் ஊருணிக்குள் இறங்கும். பட்டைக்கு மேல் ஓரத்தில் கொழுக்கட்டைப் புல்லை ஏக்கருக்கு 3 கிலோ கணக்கில் விதைத்துவிட்டால், புல் பிடித்த பிறகு அந்தப் பட்டையையும் எடுக்கலாம். சீமைக்கருவை காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிறது, மாட்டை மலடாக்குகிறது என்றெல்லாம் சொல்லி அவசரப்படுத்துவார்கள். அப்படிப் பதறுவதற்கு ஆதாரம் இல்லை. இத்தனை வருடம் அந்த மண்ணைப் பிடித்து வைத்திருந்ததும் இந்த மரம்தான்.

கண்மாய் மூலையில் கூடு கட்டும் மரங்கள் இப்போதைக்கு நிற்கட்டும். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகளைப் போலவே இவையும் மழைக்குப் பின் கட்டி மாசி, பங்குனி வரை குஞ்சு வளர்க்கும், வருடந்தோறும் அதே மரத்துக்குத் திரும்பும். கூட்டையும் முட்டையையும் கலைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பக்கத்திலேயே நாட்டுக்கருவேலும் நீர்மருதும் இந்த ஆவணியில் நட்டுவிடுங்கள். அவை கூடு தாங்கும் அளவுக்கு வளர்ந்து, பறவைகள் அதில் உட்கார ஆரம்பித்த பிறகு, வைகாசியில் பழையதை ஒவ்வொன்றாக எடுக்கலாம். அதுவரை அவற்றின் காய் விழும் இடத்தை முள்வைத்து அடைத்து ஆடு புகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பணக் கணக்கு. இயந்திரத்தை ஏக்கர் கணக்கில் பேசாமல் மணிக் கணக்கில் பேசுங்கள், நீங்களோ நம்பிக்கையான ஆளோ கூடவே நில்லுங்கள். கரி வியாபாரிக்குக் கட்டையும் வேர்க்கட்டையும் கொடுக்கலாம். வேரும் நல்ல கரிதான். ஆனால் எடைமேடையில் நிறுத்து விலை பேசுங்கள். மூட்டம் போட்டால், அதாவது கட்டையை அடுக்கி மண்ணால் மூடிக் கரியாக்கினால், நாலைந்து டன் கட்டைக்கு ஏறக்குறைய ஒரு டன் கரி கிடைக்கும், அதை வைத்து அவர் சொல்லும் விலையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். மூட்டத்தை உங்கள் விளைநிலத்தில் போட விடாதீர்கள். சூடு பட்ட மண் செங்கல்லாகி அந்த வட்டத்தில் வருடக்கணக்கில் ஒன்றும் முளைக்காது. ஜேசிபிக்காரர் சொல்லும் கொளுத்தலுக்கும் இதே பதில்தான். இயந்திரக்காரருக்குக் கூலியில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, முதல் மழைக்குப் பின் துளிர்த்த குத்திகளை எண்ணிப் பார்த்து, அவற்றை எடுத்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வருகிற புரட்டாசியில் நெல் வேண்டாம் அம்மா. மூடிய குழியெல்லாம் ஒரு மழைக்காலம் கண்டுதான் உட்காரும், அதற்குள் டிராக்டர் புதையும், முள் டயரைக் குத்தும். சருகில் உள்ள பொருள்கள் விதை முளைப்பையும் கொஞ்சம் தடுக்கும். இந்த வருடம் திறக்கும் 3 ஏக்கரில் பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பு ஏக்கருக்கு 15 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கும்போது மடக்கி உழுது, ஈரம் இருந்தால் பின்னால் கொள்ளு 8 கிலோ போடுங்கள். நெல்லை, காய்ந்த மண்ணில் மழைக்கு முன்னே விதைக்கும் புழுதி விதைப்பாக அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம்.

கிடை போடுவதில் ஒரு நிபந்தனை. கோடையில் கருவைக்காய் தின்ற ஆட்டின் வயிற்றில் விதை கெடாமல் புழுக்கையோடு வந்து முளைக்கும். கிடை போடும் முன் ஒரு வாரமாவது காய் இல்லாத பக்கம் மேய்ந்த மந்தைதானா என்று மந்தைக்காரரான கீதாரியிடம் கேட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள். மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதையும் வருடக்கணக்கில் முளைத்துக்கொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு நல்ல மழைக்கும் பதினைந்தாம் நாள் நிலத்தில் நடங்கள். மேலே இரண்டு விரற்கடைதான் தெரியும், மெதுவாக இழுத்தால் கீழே ஒரு சாண் வேர் வரும். ஈரத்தில் இரண்டு விரலால் வந்துவிடும். இரண்டு மாதம் விட்டால் அதற்கே கடப்பாரை தேட வேண்டியிருக்கும். கிடை போட்ட இடத்தை மட்டும் மூன்று வருடத்துக்குக் கூடுதலாக ஒருமுறை பாருங்கள்.