தினமும் நூறு கிலோமீட்டர் ஓட எந்த பைக்?

கேள்வி: அச்சிறுப்பாக்கம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போக 50, வர 50 என்று தினமும் சுமார் 100 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓட்டுகிறேன். ஷிஃப்ட் மாறி மாறி வரும். இப்போது வைத்திருக்கும் பழைய 100 சிசி வண்டிக்கு இன்ஜின் வேலை வந்துவிட்டது. ஆன்ரோடு 1.10 லட்சம் வரை தர முடியும், இழுத்துப் பிடித்தால் 1.40 லட்சம். மறுபடியும் மைலேஜ் வண்டியே வாங்கு என்று நண்பர்களில் பாதிப் பேர் சொல்கிறார்கள். ஹைவேக்கு 150 சிசிக்குக் கீழே போகாதே என்கிறார்கள் மீதிப் பேர். என் உயரம் 5 அடி 9 அங்குலம், எடை 78 கிலோ. எதை வாங்கலாம்?

பதில்: ஐந்து கியர் உள்ள ஒரு 125 சிசி வண்டி வாங்குங்கள், முன்பக்கம் டிஸ்க் பிரேக் இருக்கட்டும். பெயர் சொல்ல வேண்டும் என்றால் ஹோண்டா ஷைன் 125 அல்லது எஸ்பி 125. 1.40 லட்சம் வரை போவது வீட்டுச் செலவைப் பாதிக்காது என்றால் ஹோண்டா யூனிகார்ன். உங்கள் நண்பர்களில் இரண்டு பக்கமும் பாதிதான் சரி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் மைலேஜ் கணக்கு. மாதம் 2,600 கிலோமீட்டர். நிதானமாக ஓட்டினால் 100 சிசி வண்டி லிட்டருக்கு 65, 125 சிசி வண்டி 58, யூனிகார்ன் 50 தருவதாக வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் வரும் எண்கள் இல்லை இவை, ரோட்டில் எதிர்பார்க்கக்கூடியவை. அப்படியானால் மாதத்துக்கு முறையே 40, 45, 52 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று போட்டால், 100 சிசியில் இருந்து 125க்கு ஏறுவதால் மாதம் கூடும் செலவு 500 ரூபாய். யூனிகார்னுக்கு ஏறினால் 1,200 ரூபாய். இந்த 500 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

நெடுஞ்சாலையில் வண்டி எந்த வேகத்தில் சிரமப்படாமல் ஓடும் என்பதுதான் கிடைக்கிறது. 100 சிசி வகையில் ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸை எடுத்துக்கொள்வோம்: 97.2 சிசி, சுமார் 8 பிஎஸ் (குதிரைத்திறன்) பவர், நான்கு கியர். ஊருக்குள்ளும் கிராமத்து ரோட்டிலும் அதைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஐம்பது, ஐம்பத்தைந்தில் நாள் முழுக்க ஓடும். ஆனால் மேல்மருவத்தூர் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் (சென்னைக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை) ஏறியதும் உங்களைச் சுற்றி ஓடுகிற பஸ்ஸும் லாரியும் 60, 70க்குக் குறையாது. அந்த ஓட்டத்தோடு சேர்ந்து போக வேண்டுமானால் 100 சிசி இன்ஜின் தன் பலத்தில் பெரும்பகுதியை ஒரு மணி நேரம் விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கைப்பிடி அதிரும், ஃபுட்ரெஸ்ட் அதிரும், ஆயில் சூடாகும். லாரியை ஓவர்டேக் பண்ணலாம் என்று ஆக்சிலரேட்டரைத் திருகினால் அதற்கு மேல் அங்கே ஒன்றும் மிச்சம் இருக்காது. ஹைவேயில் இதுதான் ஆபத்தான இடம், லாரிக்குப் பக்கவாட்டில் பாதி தூரம் போய்விட்டு அதற்கு மேல் போக முடியாமல் தொங்குவது.

125 சிசியில் பவர் பத்தரை பிஎஸ்ஸுக்கு மேல் வருகிறது, ஐந்தாவது கியரும் இருக்கிறது. 65 கி.மீ. வேகத்தில் இன்ஜின் அலறாது, ஓவர்டேக் செய்யவும் கொஞ்சம் பலம் கையிருப்பில் இருக்கும். யூனிகார்னின் 162.7 சிசி இன்ஜினுக்கு 70 என்பது சாதாரண வேலை.

இன்னொரு விஷயம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 55ல் இருந்து 70க்குப் போனால் வேகம் கூடுவது கால் பங்குதான், காற்று உங்களை எதிர்த்துத் தள்ளுவதோ 60 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். 100 சிசி வண்டியை 75ல் விரட்டுகிறவருக்கு 65 மைலேஜ் கிடைக்காது. அதே வேகத்தில் 125 ஓட்டுகிறவரோடு கணக்குப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிப்போகும். மைலேஜ் தேவை என்றால் எந்த வண்டியானாலும் 60ஐ ஒட்டி ஓட்டுங்கள். உங்கள் வண்டி உண்மையில் எவ்வளவு தருகிறது என்று பார்க்க ஒரே வழிதான்: டேங்க்கை நிரப்பி ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், நான்கைந்து நாள் கழித்து அதே பங்க்கில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுங்கள். மீட்டரில் தெரியும் மைலேஜ் எண்ணை நம்ப வேண்டாம்.

எடையையும் பார்க்க வேண்டும். பாலாற்றுப் பாலத்தில் ஆடி மாதக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, ஹோண்டாவின் 100 சிசி வண்டியான ‘ஷைன் 100’ அதைவிடவும் குறைவு, 99 கிலோதான். பக்கத்தில் ஆம்னி பஸ் சீறிக்கொண்டு போனால் இந்த வண்டிகள் ஒரு அடி நகர்ந்து நிற்கும். யூனிகார்ன் கிட்டத்தட்ட 140 கிலோ, அது அசையாது. இந்த விஷயத்தில் 125கள் 100 சிசி வண்டிகளைவிடப் பெரிதாக மேல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாலத்தின் மேல் வேகத்தைக் குறைத்து, பெரிய வண்டிகளைப் போகவிட்டு ஓட்டுவதுதான் வழி.

அப்படியானால் நேராக யூனிகார்னே வாங்கலாமே என்று கேட்பீர்கள். வண்டியில் குறை இல்லை. 13 லிட்டர் டேங்க், பின்னால் மோனோஷாக் (ஒற்றை ஷாக் அப்சார்பர்), நிமிர்ந்து உட்காரும் அமைப்பு, உங்கள் உயரத்துக்கு இடுப்பு வலி வராது. ஆனால் விலைப்பட்டியலைப் பார்க்கும்போது மூன்று கோடுகளை நினைவில் வையுங்கள். 125 சிசிக்கு மேல் போனால் 2019 ஏப்ரலில் இருந்து ஏபிஎஸ் (சட்டென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். இது உங்களுக்கு நல்லது, மழையில் உயிரைக் காப்பாற்றும். 150 சிசிக்கு மேல் போனால் இன்சூரன்ஸ் ஏறும். புது வண்டிக்கு ஐந்து வருட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (விபத்தில் மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கானது) மொத்தமாகக் கட்ட வேண்டும், 2022ல் அறிவித்த கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரை அது 3,851 ரூபாய், 150ஐத் தாண்டினால் 7,365. 162.7 சிசி என்பதால் யூனிகார்ன் இதில் மாட்டிக்கொள்கிறது. மூன்றாவது, தமிழ்நாட்டில் வண்டியின் விலை 1 லட்சத்தைத் தாண்டினால் சாலை வரி 10 சதவீதத்தில் இருந்து 12 ஆகிவிடும். 2025 செப்டம்பரில் 350 சிசி வரையான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி வரி 28ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது பெரிய ஆறுதல்தான். இருந்தாலும் யூனிகார்ன் அந்த லட்ச ரூபாய்க் கோட்டுக்கு மேலேதான் நிற்கிறது. ஆக, வாங்கும்போது கூடும் தொகை, மாதா மாதம் பெட்ரோலுக்குக் கூடும் 1,200, அதற்கேற்ற ஈஎம்ஐ மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று வருடத்தில் பெட்ரோல் மட்டுமே நாற்பதாயிரத்துக்கு மேல் கூடும். சம்பளத்தில் அதற்கு இடம் இருந்தால் வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். இல்லை என்றால் 125 போதும், அதுவும் உங்களைக் கைவிடாது.

மற்ற 125கள்? டிவிஎஸ் ரெய்டர் சுறுசுறுப்பான வண்டி, பவர் 11 பிஎஸ்ஸைத் தாண்டும். ஓட்டிப் பார்த்தால் பிடித்துப்போகும், வேகமாக ஓட்டச் சொல்லும் என்பதே எனக்கு அதில் இருக்கும் தயக்கம். ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர் வண்டியில் ஏபிஎஸ் உள்ள வேரியன்ட் இருக்கிறது. 125 சிசி பட்ஜெட்டில் ஏபிஎஸ் வேண்டும் என்பவர்கள் அதைக் கட்டாயம் பார்க்கலாம். சூப்பர் ஸ்ப்ளெண்டரும் கிளாமரும் உழைக்கிற வண்டிகள், மதுராந்தகத்தில் உங்களுக்கு நம்பிக்கையான ஹீரோ மெக்கானிக் இருந்தால் அதுவே ஒரு காரணம். பணம் மிகவும் இறுக்கம், 55க்கு மேல் போகவே மாட்டேன் என்றால் பஜாஜ் பிளாட்டினா: மெத்தென்ற சீட், 11 லிட்டர் டேங்க், விலையும் குறைவு.

நீடித்து உழைப்பது பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் சராசரி ஆள் இல்லை. வருடத்துக்கு 31,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். ஷோரூமில் ‘ஐந்து வருட வாரண்டி’ என்று சொல்வார்கள், அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு கிலோமீட்டர் எண் இருக்கும், எது முந்துகிறதோ அதோடு வாரண்டி முடியும். உதாரணமாக ஹீரோவில் அது 70,000 கி.மீ. உங்கள் ஓட்டத்துக்கு அது ஐந்து வருடம் இல்லை, இரண்டேகால் வருடம். எந்தக் கம்பெனியானாலும் அந்த எண்ணை முதலில் பாருங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி விற்க வந்தாலும் அதே எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

சர்வீஸ் இடைவெளியும் அப்படித்தான். கையேட்டில் 3,000 கி.மீ.க்கு ஒருமுறை என்று இருந்தால் கிட்டத்தட்ட மாதம் ஒரு முறை வண்டியை விட வேண்டும், ஷிஃப்ட் வேலையில் அது பெரிய தொல்லை. 6,000 என்று இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆனால் இடையில் ஆயில் அளவைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. காற்றில் குளிரும் சின்ன இன்ஜின் தினமும் இரண்டு மணி நேரம் ஹைவேயில் ஓடினால் கொஞ்சம் ஆயிலைத் தின்னும். வாரம் ஒருமுறை, வண்டியை நேராக நிறுத்தி, டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். அதே நாளில் செயினுக்கு ஆயில் விடுங்கள், டயர் ஆறியிருக்கும்போது காற்றையும் பாருங்கள். பத்து நிமிட வேலை. இந்தப் பத்து நிமிடம் கொடுக்காத வண்டியில் செயின் ஸ்பிராக்கெட் ஒரு வருடம்கூட வராது. கொடுத்தாலும் வருடத்துக்கு ஒரு செயின் செட், ஒரு பின் டயர் என்று தனியே பணம் எடுத்து வையுங்கள். செயினை முழுக்க மூடும் கவர் உள்ள வண்டி என்றால் மழைக்காலச் சேற்றில் இந்த வேலை பாதியாகும். பார்க்க அழகில்லை என்று அதைக் கழற்றி எறிகிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் எறிய வேண்டாம்.

டயர் டியூப்லெஸ்தானா என்று வேரியன்ட் பெயரைச் சொல்லிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து இரவு பதினொன்றரைக்கு மாமண்டூர் பக்கம் ஆணி ஏறினால், டியூப்லெஸ் என்றால் காற்று மெல்ல இறங்கும், வெளிச்சமான இடம் வரை ஓட்டிப் போகலாம். டியூப் டயர் சட்டென்று உட்கார்ந்துவிடும். பஞ்சர் ஒட்டும் கிட்டும் சின்ன பம்பும் சீட்டுக்கடியிலோ பையிலோ இருக்கட்டும். இரவு ஓட்டத்துக்கு ஹெட்லைட்டும் முக்கியம். ஷோரூம் வாசலில் அதைப் பார்த்து ஒன்றும் தெரியாது. அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு நாள் கேட்டு வாங்கி, உங்கள் வழியிலேயே, முடிந்தால் இரவில், ஒருமுறை முழுதாகப் போய் வாருங்கள். சீட் எப்படி, முட்டி எங்கே இடிக்கிறது, 65ல் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரிகிறதா இல்லை அதிர்வில் மங்குகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். மூன்று கிலோமீட்டர் டெஸ்ட் ரைடில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

எலக்ட்ரிக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் யாராவது கேட்பார்கள். தினமும் 100 கிலோமீட்டர், அதுவும் ஹைவே வேகத்தில் என்றால் பெரிய பேட்டரி வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனியிலேயே சார்ஜ் போட வசதி வேண்டும். வசதி இருக்கிறது என்று எழுத்தில் உறுதி கிடைத்தால் யோசிக்கலாம். பஜாஜ் ஃப்ரீடம் 125 என்று 2024ல் வந்த சிஎன்ஜி பைக் இருக்கிறது, 2 கிலோ கேஸ் சிலிண்டரும் 2 லிட்டர் பெட்ரோல் டேங்கும் கொண்டது. உங்கள் ஓட்டத்துக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை கேஸ் நிரப்ப வேண்டி வரும். போகிற வழியிலேயே பங்க் இருந்து, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அங்கே வரிசை இல்லாமலும் இருந்தால் பெட்ரோல் பணம் நன்றாக மிச்சமாகும். ஒரு வாரம் அந்த நேரத்தில் பங்க்கைக் கவனித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

செகண்ட் ஹேண்ட் உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். மூன்று வருடம் ஓடிய வண்டியை வாங்கி வருடத்துக்கு 31,000 ஓட்டினால் அதன் மிச்ச ஆயுளை வேகமாகத் தீர்த்துவிடுவீர்கள், வாரண்டியும் கிடையாது. வேறு வழியே இல்லை என்றால் 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டியாகப் பாருங்கள். அதில் இருந்துதான் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கின, இப்போது பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பெட்ரோல்தான்.

இடையில் ஒன்று. மேல்மருவத்தூரில் இருந்து செங்கல்பட்டு வழியாகப் போகும் புறநகர் ரயில்கள் சில உண்டு, மறைமலைநகரிலும் ஸ்டேஷன் இருக்கிறது. ஷிஃப்ட் நேரம் ஒத்துவருகிற வாரங்களில் வண்டியை மேல்மருவத்தூரில் போட்டுவிட்டு சீசன் டிக்கெட்டில் போனால், பைக்குக்கும் உங்கள் முதுகுக்கும் ஓய்வு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைக் கட்டாயம் யோசியுங்கள்.

ஷோரூமில் ஆன்ரோடு விலையை ஒரே எண்ணாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஷோரூம் விலை, சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேளுங்கள், பெரும்பாலும் கேட்டாலே குறையும். இன்சூரன்ஸை அவர்களிடம்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வெளியில் விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள். ஓட்டுபவருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு அந்தப் பாலிசியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், வேறு எங்கும் உங்களுக்கு அது இல்லாவிட்டால் விலையைக் குறைக்கிறேன் என்று அதை எடுத்துவிட விடாதீர்கள். சீட் கவர், கிராஷ் கார்டு எல்லாம் பேரம் பேசி இலவசமாக வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, முகத்தை முழுக்க மூடும் நல்ல ஹெல்மெட் ஒன்று. கண்ணாடி கீறலில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும், இரவில் எதிர் வெளிச்சம் அதில் சிதறினால் ரோடு தெரியாது.

புது வண்டி வந்ததும் முதல் ஆயிரம் கிலோமீட்டர் உங்களுக்குப் பத்து நாளில் முடிந்துவிடும். அந்தப் பத்து நாளும் கையேட்டில் சொன்ன வேகத்தைத் தாண்டாமல், ஒரே வேகத்தில் நீட்டி ஓட்டாமல், கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். முதல் சர்வீஸுக்கு இப்போதே வாராந்திர விடுமுறை நாள் ஒன்றைக் குறித்துவையுங்கள்.