லுங்கி நுனியில் ஒட்டிய சாம்பல்

கேள்வி: எனக்கு 37 வயது. வில்லிவாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். மனைவி பள்ளி ஆசிரியை, மூன்று வயதில் மகள், அம்மாவும் எங்களோடு இருக்கிறார். பேட்டில்டெக் என்ற விளையாட்டின் ராட்சத ரோபோ உருவங்களைச் சேர்த்து, வண்ணம் தீட்டி, மாதம் ஒருமுறை நண்பர்களோடு ஆடுவது என் ஒரே பொழுதுபோக்கு. போன வருடம் வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவரிடம் 1980-களில் வார்த்த 40 உலோக உருவங்கள் வாங்கினேன். இப்போது கிடைக்கவே கிடைக்காதவை. எல்லாரும் தூங்கியபின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அரம் வைத்து ராவுவேன். யாருக்கும் தொந்தரவில்லை, முடித்ததும் லுங்கி நுனியால் துடைத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன். அப்படியும் காலையில் தட்டு வைக்கும்போது சாம்பல் மாதிரி இருக்கிறது என்று மனைவி குறை சொல்வாள். "குடிக்கிறானா, சீட்டாடுறானா, விடும்மா" என்று அம்மாவும் சொல்லிப் பார்த்துவிட்டார். போன வாரம் எல்லாவற்றையும் கோணிப்பையில் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். "இந்த வயசுல பொம்மையா" என்கிறாள். என் ரசனையை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: ரசனை இருக்கட்டும் தம்பி. அந்தச் சாம்பல் என்னவென்று என்றைக்காவது யோசித்தீர்களா?

புறா வளர்ப்பவர், மீன் தொட்டி வைத்திருப்பவர், பழைய ரேடியோ சேர்ப்பவர் என்று எல்லாரும் இதே கடிதத்தைத்தான் எழுதுகிறார்கள். கடைசி வரி மாறவே மாறாது: மனைவிக்குப் புரியவில்லை. உங்கள் வீட்டில் புரியாமல் இருப்பது உங்களுக்குத்தான். அவர் உங்கள் ரோபோவைக் குறை சொல்லவில்லை. பிள்ளை சாப்பிடும் மேசையில் சாம்பல் நிறப் பொடி கிடக்கிறது என்று தகவல் சொல்லியிருக்கிறார், அதுவும் பல நாளாக. நீங்கள் அதை நச்சரிப்புக் கணக்கில் எழுதிவிட்டீர்கள். 'பொம்மையா' என்ற பேச்சு கடைசியில் வந்தது. சாம்பல்தான் முதலில் வந்தது.

இந்த விளையாட்டு 1984-ல் வேறு பெயரில் வெளிவந்து, அடுத்த வருடமே பேட்டில்டெக் ஆனது. அந்தக் காலத்து உலோக உருவங்கள் பெரும்பாலும் வெள்ளீயமும் காரீயமும் கலந்து வார்த்தவை. காரீயம் கலந்தால் உலோகம் சீக்கிரம் உருகும், அச்சின் மூலைமுடுக்கெல்லாம் பாயும், விலையும் குறைவு. பிள்ளைகளுக்கு ஆகாது என்ற பேச்சு அமெரிக்காவில் வலுத்த பிறகு, 1990-களின் முற்பகுதியில்தான் வார்ப்படக்காரர்கள் காரீயமில்லாத கலவைக்கு மாறத் தொடங்கினார்கள். அதிலும் சிலர் திரும்பப் பழைய கலவைக்கே போனார்கள். அதனால் காரீயம் இல்லை என்று உறையில் அச்சிட்டிருந்தால் ஒழிய, பழைய உலோகம் என்றாலே காரீயம் என்று வைத்துக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். கிடைக்கவே கிடைக்காதவை என்று பெருமைப்படுகிறீர்களே, எந்தப் பழமை உங்களுக்கு அருமையோ அந்தப் பழமைதான் வீட்டுக்கு விஷம்.

'ஈயச் சொம்பில்தானே ரசம் வைக்கிறோம்' என்று உங்கள் அம்மா கேட்கக்கூடும். அது வெள்ளீயம். காரீயம் வேறு உலோகம். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்து நாம்தான் குழப்பிக்கொண்டோம். இனி நான் ஈயம் என்று சொல்வதெல்லாம் காரீயத்தைத்தான்.

இப்போது அந்த லுங்கிக்கு வருகிறேன். ராத்திரி பதினொரு மணிக்குக் காய்ந்த அரத்தால் ராவுகிறீர்கள். சென்னையில் மின்விசிறி போடாமல் யாரும் உட்கார முடியாது, ஆகவே தலைக்கு மேல் அது சுற்றிக்கொண்டிருக்கும். பெரிய துகள் மேசையில் விழும். மாவு போன்றது காற்றில் ஏறி நாற்காலியில், தரையில், மூடாத தண்ணீர்ச் சொம்பில் இறங்கும். மேசையில் மிஞ்சியதை லுங்கி நுனியால் துடைக்கிறீர்கள். அந்த லுங்கியோடே போய் மகள் பக்கத்தில் படுக்கிறீர்கள். மூன்று வயதுப் பிள்ளை தூக்கத்தில் அப்பாவின் லுங்கியைப் பிடித்துக்கொள்ளும், விடிந்தால் விரல் சூப்பும். துடைத்தேன் என்கிறீர்கள். பொடியை மேசையிலிருந்து மெத்தைக்கு மாற்றினீர்கள், அவ்வளவுதான்.

ஒரு உருவத்தின் காலை ராவினால் ஒரு சிட்டிகைப் பொடிகூட வராதே என்று வாதாடாதீர்கள். ஈயத்தை மைக்ரோகிராமில் கணக்கிடுகிறார்கள். ஒரு கிராம் என்பது பத்து லட்சம் மைக்ரோகிராம். பிள்ளைகளின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது நூறு மில்லிக்கு, 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்கச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். இதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர் உடம்பைவிடச் சின்னப் பிள்ளையின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். குறைந்த அளவில் காய்ச்சலோ வாந்தியோ வந்து காட்டிக்கொடுக்காது. பின்னால் படிப்பிலும் கவனத்திலும்தான் தெரியும்.

பரணிலிருந்து இறக்கும் நாளில் ஒரு உருவத்தின் வண்ணம் படாத அடிப்பாகத்தை வெள்ளைக் காகிதத்தில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். பென்சில் கோடு மாதிரி சாம்பல் கோடு விழுந்தால் ஈயத்தைச் சந்தேகப்பட வேண்டும். கோடு விழாவிட்டாலும் ஈயமே இல்லை என்று அர்த்தமாகிவிடாது. வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும் உருவம் இருந்தால் அதைத் தட்டவும் ஊதவும் கூடாது. அதற்கு முன், இந்த வாரமே மகளைக் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போய், நடந்ததைச் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். அம்மா, மனைவி, நீங்கள் மூவரும் பார்த்துக்கொள்வது நல்லது. ரத்தத்தில் ஈயம் சில வாரம் காட்டும், எலும்பில் போய் உட்கார்ந்தால் வருடக்கணக்கில் இருக்கும். தள்ளிப்போடப் போட அளவு குறைவாகத் தெரியும், நீங்களும் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

வீட்டைத் துடைப்பதை நீங்கள் செய்யுங்கள், மனைவி தலையில் கட்டாதீர்கள். துடைப்பம் வேண்டாம், அது பொடியைக் கிளப்பும். சாதாரண வேக்குவம் கிளீனரும் அப்படித்தான், பின்பக்கமாக ஊதிவிடும். இரண்டு வாளி, ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். மேசை, நாற்காலிக் கால்கள், தரை, ஜன்னல் விளிம்பு எல்லாம் ஈரத் துணியால். மின்விசிறி இறக்கைக்கு மேல் படிந்ததை மறக்காதீர்கள். துணியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். லுங்கியையும் மெத்தை விரிப்பையும் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். கைக்குச் சோப்பும் தண்ணீரும்தான் உதவும், சானிடைசர் ஈயத்தை எடுக்காது.

இனி அந்த 40 உருவங்கள். விற்றுத் தொலையுங்கள் என்று சொல்லத்தான் கை வருகிறது, ஆனால் விவரம் சொல்லாமல் விற்றால் இன்னொருவர் வீட்டு மேசைக்குப் போகும். வைத்துக்கொள்வதானால் வேலை முறை முழுக்க மாற வேண்டும். காய்ந்த அரம் கூடவே கூடாது. வார்க்கும்போது அச்சு இரண்டும் சேரும் இடத்தில் விழும் கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டினால் சுருள் சுருளாக வரும், பொடி குறையும். நுணுக்கமான இடத்துக்கு 400, பிறகு 600 நம்பர் வாட்டர் எமரித் தாள், தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். இடம் பின்பக்க பால்கனி, கீழே விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டு, அதற்கென்றே ஒரு பழைய சட்டை, என்95 முகக்கவசம். பக்கத்தில் டீ தம்ளர் இருக்கக்கூடாது. சுரண்டலை ஈரக் காகிதத்தில் மடித்து டேப் ஒட்டுங்கள்.

உருவத்தின் கை காலை ஒட்டும்போது வெறும் ஃபெவிகுவிக்கை நம்பி, விழுந்ததும் திரும்ப ராவி ஒட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். உலோகக் கை கனம். அந்தப் பசை இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் தட்டினால் விட்டுவிடும். 1 மில்லிமீட்டர் துரப்பணத்தால் இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் துளைத்து, பேப்பர் கிளிப் கம்பியை நடுவில் கொடுத்து ஒட்டினால் மறுபடி ராவும் வேலையே வராது. துளைத்த தூளும் ஈயம்தான், அதே தட்டில் விழட்டும்.

சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய்ந்ததும் உடனே பிரைமர் பூசுங்கள். உலோகத்தை மூடும் முதல் தோல் அது. ஸ்பிரே கேன் என்றால் மொட்டை மாடியில், நிழலில், பகல் பதினோரு மணிக்கு மேல், 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி. விடிகாலையிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் அடித்தால் ஈரப்பதத்தில் சொரசொரவென்று மணல் ஒட்டியது போல் ஆகும், கடைசி வார்னிஷ் வெள்ளை பூக்கும். அந்த மாதங்களில் தூரிகையால் பூசும் பிரைமர்தான் சரி. அக்ரிலிக் வண்ணம் மின்விசிறிக் காற்றில் ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். மூடியுள்ள டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சு, அதன்மேல் பட்டர் பேப்பர், அதில் வண்ணம் வையுங்கள். தூரிகை முனையைக் கூராக்க நாக்கில் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு முடியட்டும். வார்னிஷ் போட்ட பிறகு நீங்கள் எடுத்து ஆடலாம், மகள் கைக்கு மட்டும் எந்நாளும் போகக்கூடாது. நண்பர்களுக்கு முறுக்கு வைப்பதானால் ஆட்டம் முடிந்து கை கழுவிய பிறகு.

உண்மையில் உங்களுக்கு இந்தப் பழசு தேவையா? அந்தக் காலத்து உருவங்களில் சில ஜப்பானிய அனிமேஷனிலிருந்து எடுத்தவை, வழக்கு வந்ததால் 1990-களின் நடுவில் நிறுத்தினார்கள், அதனால்தான் இந்தக் கிராக்கி. இப்போது விற்கும் பெரிய பெட்டியில் எட்டு ரோபோக்கள் பிளாஸ்டிக்கில், ஒட்டியே வருகின்றன. அவற்றில் லோகஸ்ட், ஷாடோ ஹாக், உல்வரின், தண்டர்போல்ட், பேட்டில்மாஸ்டர் ஐந்துமே அந்த வழக்கில் போனவற்றின் புது வடிவங்கள். அரம் எடுக்கவே வேண்டாம், கத்தி முதுகு போதும். நாலு ரோபோ சேர்ந்த லான்ஸ் என்ற அணி, இரண்டு பகடை, அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம், ஆட்டம் தொடங்கிவிடும். விளையாட்டுக் கணக்கில் 20 டன் லோகஸ்டும் 100 டன் அட்லஸும் உலோகமாக இருந்தால்தான் ஓடும் என்று எந்த விதியும் இல்லை.

குடியில்லை, சீட்டில்லை என்று அம்மா கொடுக்கும் சான்றிதழைக் கிழித்துப் போடுங்கள். கெட்ட பழக்கம் இல்லாதது வீட்டுக்கு நீங்கள் செய்யும் உபகாரம் அல்ல, அதைக் காட்டி மேசையை எடுத்துக்கொள்ள முடியாது. அந்த மேசை சமைக்கிறவருக்கும் சாப்பிடும் பிள்ளைக்கும் சொந்தம். அம்மா எதிரிலேயே மனைவியிடம், 'நீ சொன்ன சாம்பல் நிஜம், நான்தான் காதில் வாங்கவில்லை' என்று சொல்லுங்கள். ரசனையைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

பரணில் இருக்கும் கோணிப்பை ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அங்கேயே கிடக்கட்டும். இறக்கும் நாளில் மகளை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். பையை உதறாமல், மேலே ஈரத்துணி போர்த்தி இறக்கி, நேரே பால்கனித் தட்டில் வையுங்கள். சணல் இழைக்குள் பொடி ஏறியிருக்கும். அந்தப் பையைத் துவைத்து அரிசிக்கோ வெங்காயத்துக்கோ எடுத்து வைக்க உங்கள் அம்மா கேட்டாலும் கொடுக்காதீர்கள்.