9,900 எம்ஏஹெச் பேட்டரியை வாங்கலாமா?

கேள்வி: இரண்டு 18650 பேட்டரி போடும் வேப் கருவி (இ-சிகரெட்) வைத்திருக்கிறேன். சார்ஜ் நிற்பதில்லை. ஒரு பேட்டரியில் மேலுறை கொஞ்சம் கிழிந்தும் இருக்கிறது. ஆன்லைனில் 9,900 எம்ஏஹெச் (மின் கொள்ளளவு) என்று போட்டு மலிவாக விற்கிறார்கள். ஒன்று மட்டும் வாங்கிப் பழையதோடு சேர்த்துப் போடலாமா? போன் ஃபாஸ்ட் சார்ஜரைக் கருவியில் செருகி இரவு முழுக்க விடுகிறேன், அது சரிதானா?

பதில்: வாங்க வேண்டாம், சேர்க்க வேண்டாம், இரவில் விடவும் வேண்டாம். காரணம் தெரிந்தால் அடுத்த முறை யாரையும் கேட்காமல் நீங்களே பார்த்து வாங்கிவிடலாம்.

18650 என்பது அளவைச் சொல்லும் எண்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். இந்தச் சின்ன டப்பாவுக்குள் எவ்வளவு அடைக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. பெயர்பெற்ற நிறுவனங்களே 3,500 எம்ஏஹெச்சை ஒட்டித்தான் நிற்கின்றன. 9,900 என்று அச்சிட்டவர் கூசாமல் பொய் சொல்கிறார். அவர் உறையில் போட்டிருக்கும் மற்ற எண்களையும் நம்புவதற்கில்லை. பழைய லேப்டாப் பேட்டரிகளிலிருந்து பிரித்தெடுத்த செல்லுக்குப் புது உறை மாட்டி விற்பதும் நடக்கிறது. நல்ல 18650 செல் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். கையில் வாங்கும்போதே இலேசாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று, நீங்கள் பார்க்கவேண்டிய எண் எம்ஏஹெச்சே இல்லை. எத்தனை மணிக்கொருமுறை சார்ஜ் போடவேண்டும் என்பதை மட்டும்தான் அது சொல்லும். கொதிக்காமல் எவ்வளவு மின்னோட்டம் தரும் என்பதைச் சொல்வது ஆம்பியர். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். சாம்சங் 25ஆர் செல்லின் கொள்ளளவு 2,500தான், ஆனால் தொடர்ந்து 20 ஆம்பியர் தரும். அதே நிறுவனத்தின் 35இ செல்லில் 3,500 இருக்கிறது, தொடர்ந்து தருவதோ 8 ஆம்பியர். டார்ச்சுக்கு இரண்டாவது நல்லது. வேப் கருவிக்கு முதலாவதுதான்.

உங்கள் தேவையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கருவியை 80 வாட்டில் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு செல் என்பதால் ஒன்றின் பங்கு 40 வாட். சார்ஜ் இறங்க இறங்கக் கருவி அதே வாட்டுக்காக அதிக மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே முழுச் சார்ஜில் உள்ள 4.2 வோல்ட்டில் கணக்கிடாமல், தீரும் தறுவாயில் உள்ள 3.2 வோல்ட்டில் கணக்கிடவேண்டும். 40ஐ 3.2ஆல் வகுத்து, சுற்றில் வீணாவதற்காக 0.9ஆல் வகுத்தால் சுமார் 14 ஆம்பியர். 20 ஆம்பியர் செல் தாங்கும், 8 ஆம்பியர் செல் தாங்காது. ஒற்றைச் செல் கருவியில் அதே 80 வாட் வைத்தால் 28 ஆம்பியர் ஆகிவிடும்! சில உறைகளில் பெரிதாக இருக்கும் ஆம்பியர் எண் சில நொடிகளுக்கு மட்டுமான உச்சம். தொடர் மின்னோட்டம் எவ்வளவு என்று தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் தேடுங்கள். பாதுகாப்புச் சுற்றே இல்லாத மெக்கானிக்கல் மோட் வகையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் கிழிந்த உறைதான் எனக்குப் பெரிய கவலை. செல்லின் அடிப்பாகம் மட்டும்தான் நெகட்டிவ் என்று பலர் நினைக்கிறார்கள். பக்கவாட்டு உலோகம் முழுவதும், மேல் விளிம்புவரை, நெகட்டிவ்தான். நடுவில் இருக்கும் பாசிட்டிவ் முனைக்கும் அந்த விளிம்புக்கும் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர். அதை மறைத்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறையும் ஒரு வளையமும். அங்கே கிழிந்தால் கருவியின் உலோகம் பட்டாலே ஷார்ட் ஆகும். சட்டைப்பையில் சாவி, சில்லறையோடு கிடந்தால் உறை நன்றாக இருந்தாலும் ஆபத்துதான். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் 2017 அறிக்கை, 2009 முதல் 2016 வரை ஊடகங்களில் வந்த 195 இ-சிகரெட் தீ, வெடிப்பு சம்பவங்களைத் தொகுத்தது. உடுப்பின் பையில் இருந்தபோது நடந்தவை 61, சார்ஜ் ஏறும்போது நடந்தவை 48. உதிரி செல்லுக்கென்று சின்ன பிளாஸ்டிக் டப்பா கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள்.

பழையதோடு புதியதைச் சேர்ப்பது ஏன் தவறு? தொடராக இணைத்த ஜோடியில் தளர்ந்த செல் முதலில் காலியாகும். மற்றது விடாமல் அதையும் இழுத்துக்கொண்டு போகும். 2.5 வோல்ட்டுக்கும் மிகக் கீழே இறங்கிவிட்ட செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கலாம். அதன்பிறகு சார்ஜ் ஏற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். ஒரே மாடலில் இரண்டு புதிய செல்லாக வாங்கி, எண் எழுதி, கடைசிவரை ஜோடியாகவே பயன்படுத்துங்கள்.

போன் ஃபாஸ்ட் சார்ஜர் விஷயத்துக்கு வருவோம். கருவியின் யூஎஸ்பி துளை பெரும்பாலும் 5 வோல்ட்டுக்கானது. அதற்கு எத்தனை ஆம்பியர் என்று கையேட்டில் இருக்கும், அதற்கு மேல் போகாதீர்கள். செல்லைக் கழற்ற முடிகிற கருவியென்றால் தனிச் சார்ஜர் வைத்துக்கொள்வதே மேல். லித்தியம் அயனுக்கானதாக, ஒவ்வொரு குழிக்கும் தனிக் கட்டுப்பாடு உள்ளதாக, 4.2 வோல்ட்டில் தானே நிறுத்துவதாக இருக்கவேண்டும். செல்லுக்கு 1 ஆம்பியர் போதும், அவசரம் வேண்டாம். முதல் தடவை சார்ஜ் முடிந்ததும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 4.25ஐத் தாண்டினால் குறை சார்ஜரில்தான், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சார்ஜ் போடும் இடம் தரையாக இருக்கட்டும், மெத்தையாக வேண்டாம். நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள்.

ஒன்றை மறைக்கக்கூடாது. செல் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் பலவும், தனிச் செல்லாக வாங்கி வேப் கருவியில் போடவேண்டாம் என்றே எச்சரிக்கின்றன. மேலே சொன்னவை ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது.

புதிய ஜோடி வரும்வரை கருவியைத் தொடாதீர்கள். பழைய இரண்டையும் இன்றே வெளியே எடுத்து, இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். வீட்டுக் குப்பையில் போடாதீர்கள்.