மகளுக்கு ஜெட் படகு மேல் ஆசை: எந்தப் படிப்பில் சேர்ப்பது?

மகள் எந்நேரமும் வாட்டர் ஜெட் படகுகளைப் பற்றியே பேசுகிறாள், இந்த ஆர்வத்தை நம்பி ஒரு படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள் அம்மா. முதலில் அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பின்னால் பீய்ச்சும் தண்ணீர் எதைத் தள்ளி அந்தப் படகு நகர்கிறது?

பின்னாலிருக்கும் ஆற்று நீரைத் தள்ளுகிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். அப்படியில்லை. 1950களில் நியூசிலாந்தின் ஆழமில்லாத ஆறுகளுக்காக ஜெட் படகை உருவாக்கிய பில் ஹாமில்டன், நீர் வெளியேறும் வாயை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தினார். பின்னால் தள்ள ஆற்று நீர் இல்லாமல் காற்றில் பீய்ச்சியும் படகின் வேகம் கூடியது. அடியிலுள்ள திறப்பு வழியாக வரும் நீருக்கு, பம்பினுள் சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் அழுத்தம் ஏற்றுகிறது, நீர் வெளியேறும் குறுகலான வாயான நாசிலில் அந்த அழுத்தம் வேகமாகிறது. நீரை இப்படி முடுக்கும் விசைக்கு எதிர்விசை பம்பின் மீதும் குழாய்ச் சுவர்களின் மீதும் விழுகிறது. உந்துவிசை அதுதான்.

இனிக் கணக்கு. படகு நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது. நொடிக்கு 50 கிலோ நீரை உள்ளே எடுத்து, படகைப் பொறுத்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வெளியே விடுகிறது. வேக வித்தியாசம் 10. அதை 50ஆல் பெருக்கினால் 500 நியூட்டன். நீரைப் பாதியாக்கி 25 கிலோவை 30 மீட்டர் வேகத்தில் விட்டாலும் அதே 500 நியூட்டன்தான். ஆனால் முதல் முறையில் நீருக்குக் கொடுக்கும் திறன் 7,500 வாட். இரண்டாவதில் 10,000 வாட். நிறைய நீரை நிதானமாகத் தள்ளுவதே சிக்கனம்.

அப்படியானால் பம்பைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாமே என்று அவள் கேட்டால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன். பெரிய பம்பும் அதற்குள் நிற்கும் நீரும் எடையைக் கூட்டும், பெரிய திறப்பு இழுவையைக் கூட்டும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவைத் தேடுவதுதான் வடிவமைப்பாளரின் வேலை.

இந்தக் கணக்கு அவளுக்குப் பிடித்திருந்தால் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் நல்ல தேர்வு. திரவமும் வாயுவும் பாயும் விதத்தைச் சொல்லும் பாய்ம இயக்கவியலை ஆழமாகப் படித்தவர்களுக்குப் பம்பு, டர்பைன் என்று வேறு துறைகளிலும் இடமுண்டு. உங்கள் கவலைக்கு இதுவே என் முதல் பதில். படகின் உடலமைப்பிலேயே மனம் இருந்தால் கப்பல், படகுகளை வடிவமைக்கும் படிப்பான நேவல் ஆர்க்கிடெக்சர். மரைன் இன்ஜினியரிங் என்பதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் கப்பல் இயந்திரங்களை இயக்கிப் பராமரிக்கும் வேலை, மாதக்கணக்கில் கடலில் இருக்க நேரிடும்.

கணக்கை விடக் கையால் பிரித்துப் பார்ப்பதில்தான் ஆர்வமா? அப்படியானால் டிப்ளமோ போதும். மணலால் இம்பெல்லர் தேய்வது, திறப்பில் பாசி அடைப்பது என்று ஜெட் படகுகளுக்குப் பழுதுபார்ப்பு எப்போதும் தேவை. அதைக் குறைவான வேலையாக நினைத்துவிடாதீர்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, பம்பு சோதனை செய்யும் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். மாணவர்களே அதை ஓட்டுகிறார்களா என்று அவளே கேட்கட்டும்.