புரோஸ்டேட் அறுவைக்குப் பின் சிறுநீர் கசிகிறது. மறுபடி அறுவை வேண்டுமா?

பினாங்கில் இருக்கும் உங்கள் அப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் அறுவை முடிந்து மூன்று மாதம், இருமினாலே கசிகிறது என்கிறீர்கள். இப்போதே இன்னோர் அறுவையை நினைக்க வேண்டாம். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 மாதங்களில் கசிவு வெகுவாகக் குறைகிறது.

முதலில் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகளுக்கு). காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்து, சில விநாடி நிறுத்தி, முழுதாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. வயிறும் தொடையும் இறுகக் கூடாது. இருமும் முன்பும் நாற்காலியிலிருந்து எழும் முன்பும் இறுக்கச் சொல்லுங்கள். பலர் வேறு தசையை இறுக்கிவிட்டுப் பயனில்லை என்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தே தாரிக் (மலேசியப் பால் தேநீர்), காப்பி குறையட்டும் (அப்பா முகம் சுளிப்பார்). தண்ணீரைக் குறைக்காதீர்கள், அடர்ந்த சிறுநீர், சிறுநீர்ப்பையை உறுத்தும். கல்யாணம், கோயில் என்று வெளியே போக கசிவை உறிஞ்சும், ஆண்களுக்கான பேட் இருக்கிறது. காய்ச்சல், இரத்தம், சிறுநீர் அடைப்பு என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள்.