ஒன்றரை வயசு குழந்தைக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது, ஓஆர்எஸ் குடுத்தும் நிக்கல, என்ன பண்றது?

நிக்காதுங்க. ஓஆர்எஸ் பேதிய நிறுத்துற மருந்தே கிடையாது. வெளிய போற தண்ணியையும் உப்பையும் திரும்ப உடம்புக்குள்ள சேக்குறது மட்டும்தான் அதோட வேலை. இது தெரியாம நானும் என் பையனுக்கு வந்தப்போ மருந்து கேக்கலன்னு பாதியில விட்டுட்டேன்.

அதுக்கு முன்னாடி நான் அடிச்ச கூத்து வேற. பாக்கெட் ஒரு லிட்டருக்கானது, இத்துனூண்டு புள்ள ஒரு லிட்டர் எங்க குடிக்கப் போகுதுன்னு நானே முடிவு பண்ணி ஒரு டம்ளர் தண்ணில பாதி பாக்கெட்ட கொட்டி கலக்கினேன், ஒரு வாய் வாங்கினான், மூஞ்சிலயே துப்பிட்டான். அத்தை வேற "கரிக்குது போல, ரெண்டு ஸ்பூன் சக்கர போடும்மா"ன்னாங்க, அதையும் போட்டேன். ஆஸ்பத்திரில நர்ஸ் அக்கா கேட்டுட்டு தலைல அடிச்சுக்கிட்டாங்க. "பிரிச்சா முழுப் பாக்கெட்டும் ஒரு லிட்டர்லதான் போகணும், மிச்சமானா கீழ ஊத்து, அது என்ன தங்கமா?"

ஏன் அவ்ளோ கறாருன்னா, குடல்ல உப்புல இருக்குற சோடியமும், சக்கர வகையான குளுக்கோஸும் ஜோடியா சேந்து உள்ள போகும், அதுங்க பின்னாடியே தண்ணியும் போகும். அந்த அளவு மாறி சக்கர அதிகமாயிடுச்சுன்னா தண்ணி உள்ள போறதுக்குப் பதிலா குடலுக்கு வந்துடும், பேதி இன்னும் பிச்சுக்கும். சாதா விஷயம்னு நெனைக்காதீங்க, 1971ல வங்கதேச அகதிங்க வந்த மேற்கு வங்கத்து போங்காவ் முகாம்ல காலரா, ஏத்துறதுக்கு சலைன் தீந்து போச்சு, டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்து டிரம்ல வச்சு குடிக்கக் குடுத்தார். நூத்துக்கு 30 பேர் செத்துக்கிட்டு இருந்தது 4 பேருக்கும் கீழ வந்துச்சு.

அதனால ஒரு லிட்டர், கொதிக்க வச்சு ஆறின தண்ணி, கலக்கினப்புறம் சுட வைக்கக் கூடாது, 24 மணி நேரம் தாண்டினா கொட்டிடுங்க. பால், ஜூஸ்ல கலக்காதீங்க. கடைல கேட்டா ஆரஞ்சு ருசில டெட்ரா பேக் ஒண்ணு எடுத்து நீட்டுவாங்க, குழந்தையும் ஆசையா குடிக்கும், அது பெரும்பாலும் சக்கரத் தண்ணிதான். ஹைதராபாத்ல ஒரு குழந்தை டாக்டரம்மா வருஷக்கணக்கா இதுக்காக சண்டை போட்டு, 2025 அக்டோபர்லதான் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அந்த மாதிரி பானத்துக்கு ஓஆர்எஸ்னு பேர் போடக்கூடாதுன்னு சொல்லிச்சு. அட்டைல டபிள்யூஎச்ஓ (உலக சுகாதார நிறுவனம்) ஃபார்முலான்னு இருக்கான்னு பாத்து வாங்குங்க, இல்லன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மாவே தருவாங்க.

உங்க குழந்தை வயசுக்கு ஒவ்வொரு தடவ போனதுக்கு அப்புறமும் 50லேந்து 100 மில்லி. மடமடன்னு குடுத்தா வாந்திதான், ஸ்பூன்லயோ பாலாடைலயோ கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி ஆரம்பிங்க. ஃபீடிங் பாட்டில் வேணாம், கிருமி அதுலதான் குடியிருக்கும். தாய்ப்பால், இட்லி, குழஞ்ச சாதம் எதையும் நிறுத்தாதீங்க, வயித்த காயப் போடணும்னு சொல்றவங்க பேச்ச காதுல வாங்காதீங்க. கூடவே ஜிங்க், தினம் 20 மில்லிகிராம், பேதி நின்னாலும் 14 நாள் முழுசா குடுக்கணும். ஆன்டிபயாடிக்கோ பேதி நிறுத்துற மாத்திரையோ நீங்களா வாங்கிக் குடுக்கவே கூடாது, பெரும்பாலும் இது வைரஸ்தான்.

எங்க ஊர்ல தொக்கம் எடுக்கணும்னு, அதாவது வயித்துல ஏதோ சிக்கியிருக்கு, அத எடுக்கணும்னு, ஒரு பாட்டிகிட்ட தூக்கிட்டுப் போகச் சொன்னாங்க. மனசுக்கு ஆறுதல்னா போய்ட்டு வாங்க, ஆனா கண்ணு குழி விழுந்திருந்தா, அழுதா கண்ணீர் வரலன்னா, வயித்துத் தோல கிள்ளி விட்டா மெதுவா இறங்கினா, மலத்துல ரத்தம் இருந்தா, குடிக்கவே மாட்டேன்னு துவண்டு கிடந்தா நேரா ஆஸ்பத்திரிதான், பாட்டி வீட்டு வழியா வேணாம்.

ரெண்டு நாள்ல நிக்காதது சகஜம்தான், சில குழந்தைக்கு ஒரு வாரம் கூட போகும். ஆனாலும் நேர்ல ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டிடுங்க. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவயாச்சும் யூரின் போகுதான்னு பாத்துட்டே இருங்க, டயப்பர் போட்டா பேதியும் யூரினும் கலந்து ஒண்ணும் தெரியாது, இந்த ரெண்டு மூணு நாளைக்கு பழைய வேட்டித் துணிய கிழிச்சு கட்டி விடுங்க.