ஃபேஸ்புக் ஃபார்ம்ல வர்ற லீட் நேரா டீம் குரூப்புக்கே வரணும், கோடிங் தெரியாது, எப்படி பண்றது?

தாராளமா பண்ணலாங்க. கனெக்ட் பண்றது அரை மணி நேர வேலைதான், ஆனா வந்து விழுந்த லீட்ட, அதாவது விசாரிச்சு ஃபார்ம் போட்டவரோட விவரத்த, ஒருத்தர் எடுத்து ஃபோன் பண்ண வைக்கறதுக்கு எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு, அதையும் சேத்தே சொல்லிடறேன்.

நான் கோயம்புத்தூர்ல ஒரு சின்ன சோலார் டீலர்கிட்ட வேலை பாக்கறேன், பில்லு போடறதுல இருந்து விளம்பரம் ஓட்டறது வரைக்கும் எல்லாம் நான்தான். 2024 பிப்ரவரில பிஎம் சூர்ய கர் திட்டம் வந்து 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம்னு பேச்சு அடிபட ஆரம்பிச்சதும் எங்க ஃபார்ம்ல லீட் கொட்டுச்சு. அப்ப நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்னா, தினம் காலைல பத்து மணிக்கு லிஸ்ட்ட சிஎஸ்வியா (எக்செல்ல தொறக்கற ஃபைல்) டவுன்லோட் பண்ணி, ஒவ்வொரு நம்பருக்கு முன்னாடியும் ஒட்டிக்கிட்டு வர்ற "பி:"ய அழிச்சு, வாட்ஸ்அப் குரூப்ல பேஸ்ட் பண்ணுவேன். ராத்திரி இபி பில்ல பாத்து வயிறெரிஞ்சு ஃபார்ம் போட்டவருக்கு மறுநாள் மத்தியானம் ஃபோன் போகும். "எந்த கம்பெனிங்க, நான் எதுவும் கேக்கலியே"ம்பாரு. இல்லாட்டி வேற ஒருத்தர் வந்து மாடிய அளந்துட்டே போயிருப்பாரு.

மொதல்ல எந்த சாட்னு முடிவு பண்ணுங்க. எல்லாரும் கேக்கறது வாட்ஸ்அப் குரூப்தான், ஆனா நாம ஃபோன்ல ஆரம்பிச்ச சாதாரண குரூப்புக்குள்ள லீட்ட கொண்டு வந்து சேக்கற டூலுங்க மெசேஜ் போட முறையான வழி கிடையாது. க்யூஆர் ஸ்கேன் பண்ணா போதும்னு யாராச்சும் குறுக்கு வழி விப்பாங்க, அதுல மாட்டாதீங்க, நம்பர் பேன் ஆனா கடை நம்பரே போச்சு. எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கற ஆபீஸ்னா ஸ்லாக்குங்கற ஆபீஸ் சாட் ஆப் நல்லா இருக்கும், ஆனா ஃப்ரீ பிளான்ல 90 நாளைக்கு முந்தின மெசேஜ் கண்ணுக்கு தெரியாது. நம்ம சென்னை ஜோஹோவோட க்ளிக்னு ஒரு சாட் இருக்கு, ஏற்கனவே கஸ்டமர் விவரம் வைக்கற ஜோஹோ சிஆர்எம் வச்சிருக்கறவங்க வேற எதையும் தேடாம அதையும், கனெக்ட் பண்ணி விடற ஜோஹோ ஃப்ளோவையும் எடுத்துக்கலாம். எங்க பசங்க பாதி நேரம் மொட்ட மாடில வெயில்ல நிக்கறவங்க, அதனால டெலிகிராம்.

நடுவுல இருந்து கைமாத்தி விடற டூலுக்கு ஜேப்பியர், மேக், பேப்லி கனெக்ட்னு நெறய இருக்கு. ஜேப்பியர் ரொம்ப ஈஸி, ஆனா ஃப்ரீல மாசம் 100 டாஸ்க், ஒரு ட்ரிகர் ஒரு ஆக்‌ஷன், அதாவது ஒரு எடத்துல இருந்து எடுத்து ஒரு எடத்துல போடும், அவ்ளோதான். நான் மேக் எடுத்தேன், 2022 வரைக்கும் இன்டெக்ரோமேட்னு பேரு இருந்துச்சே அதேதான். ஃப்ரீல மாசம் 1,000 கிரெடிட், முன்னாடி ஆபரேஷன்னு சொல்லிட்டு இருந்தாங்க. எங்களுக்கு ஒரு லீட்டுக்கு மூணு செலவாகுது, ஃபேஸ்புக்ல இருந்து எடுக்க ஒண்ணு, கூகுள் ஷீட்ல எழுத ஒண்ணு, டெலிகிராம்ல போட ஒண்ணு, ஆக மாசம் முந்நூத்தி சொச்சம் லீட் வரைக்கும் காசு கட்ட வேண்டாம்.

செய்யற வழி இதுதான். டெலிகிராம்ல பாட்ஃபாதர்னு தேடி நியூபாட்னு (/newbot) கமாண்ட் குடுத்தா தானா மெசேஜ் போடற ஒரு பாட்டும் அதுக்கு ஒரு டோக்கனும் தரும், அது வீட்டு சாவி மாதிரி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது. அந்த பாட்ட உங்க குரூப்ல சேத்துட்டு குரூப்போட ஐடிய எடுத்துக்கங்க, மைனஸ்ல ஆரம்பிக்கும், அந்த மைனஸ் குறியயும் சேத்துதான் போடணும், நான் அத விட்டுட்டு ஒரு மணி நேரம் மண்டைய ஒடச்சிக்கிட்டேன். அப்பறம் மேக்ல ஃபேஸ்புக் லீட் ஆட்ஸ், அடுத்து ஷீட், அடுத்து டெலிகிராம், இந்த வரிசைலயே வைங்க. ஷீட் நடுவுல ஏன்னு கேட்டா, டெலிகிராம்ல எதாச்சும் கோளாறு வந்தாலும் லீட் ஒரு எடத்துல பத்திரமா உக்காந்திருக்கும், ஃபேஸ்புக்லயும் 90 நாள் வரைக்கும்தான் டவுன்லோட் பண்ண முடியும்ங்கறத மறந்துறாதீங்க. கனெக்ட் பண்ற ஃபேஸ்புக் அக்கவுன்ட்டுக்கு பேஜ் அட்மின் உரிமை மட்டும் பத்தாம போகலாம், லீட்ஸ் ஆக்சஸ்னு தனியா ஒண்ணு இருக்கு, பிசினஸ் செட்டிங்ஸ்ல அத குடுத்தாங்களான்னு பாருங்க. டெஸ்ட் பண்ண மெட்டாவோட லீட் ஆட்ஸ் டெஸ்டிங் டூல் இருக்கு, ஒரு டெஸ்ட் லீட் போட்டுட்டு அடுத்தது போடணும்னா பழச டெலீட் பண்ணனும், இல்லேன்னா போகாது.

இப்ப நான் பண்ண கூத்து. மெசேஜ் அழகா இருக்கட்டுமேன்னு பேர மட்டும் தடிமனா காட்ட மார்க்டவுன, அதாவது குறி போட்டு எழுத்த அலங்கரிக்கற வசதிய, ஆன் பண்ணி வச்சேன். ஒரு வாரம் ஜம்முனு ஓடுச்சு. ஒரு சனிக்கிழம சாயங்காலம் ஒருத்தர் ஈமெயில் ஐடில அண்டர்ஸ்கோர் வச்சிருந்தாரு. மார்க்டவுன்ல அண்டர்ஸ்கோர்னா சாய்வெழுத்து ஆரம்பம்னு அர்த்தம், ஆரம்பிச்சுது, முடியல, டெலிகிராம் இத பிரிச்சு படிக்க முடியலன்னு திருப்பி அனுப்பிருச்சு, எரர் வந்ததும் மேக்ல மொத்த ஓட்டமும் நின்னு போச்சு, அப்பறம் வந்த லீட் ஷீட்டுக்கும் வரல. எரர் மெயில் போனது எங்க ஓனர் ஐடிக்கு, அவரு அத தொறந்தே பாக்க மாட்டாரு, அந்த ஐடிய குடுத்ததும் நான்தான். ஞாயித்துக்கிழமதான் விளம்பரம் நல்லா ஓடற நாளு. திங்கக்கிழம காலைல "என்னப்பா குரூப்பு இவ்ளோ அமைதியா இருக்கு"ன்னு அவரு கேட்டப்பதான் எனக்கு ஒறச்சுது. பழைய மாதிரி சிஎஸ்வி எறக்கி, "பி:" அழிச்சு, பேஸ்ட் பண்ணேன். அன்னிக்கு ராத்திரியே மார்க்டவுன தூக்கிட்டு வெறும் டெக்ஸ்ட்டா மாத்திட்டேன், எரர் மெயிலயும் என் ஐடிக்கு திருப்பிக்கிட்டேன். இன்னொண்ணு, குரூப் செட்டிங்ஸ்ல புதுசா வர்றவங்களுக்கு பழைய மெசேஜ் தெரியட்டும்னு மாத்தினா டெலிகிராம் அத சூப்பர்குரூப்பா ஆக்கிரும், ஐடியே மாறி மைனஸ் 100-ல ஆரம்பிக்கும், பழைய ஐடிக்கு எதுவும் போகாது. அதனால அந்த செட்டிங்க மொதல்லயே மாத்திட்டு அப்பறம் ஐடி எடுங்க.

இதெல்லாம் சரியானதுக்கப்பறமும் சேல்ஸ் ஏறல. ஏன்னு பாத்தா குரூப்ல ஃபோன் பண்றவங்க ஒரு அக்கா, ஒரு தம்பி, நான்னு மூணு பேரு, லீட் டிங்குனு வருது, மூணு பேரும் பாக்கறாங்க, அக்கா கூப்பிட்டிருப்பாங்கன்னு தம்பி நெனைக்கறான், தம்பி கூப்பிட்டிருப்பான்னு அக்கா நெனைக்கறாங்க. சிலருக்கு யாருமே கூப்பிடல, ஒரு பாவப்பட்ட பொள்ளாச்சிக்காரருக்கு ஒரே மணி நேரத்துல மூணு பேரும் கூப்பிட்டிருக்கோம்.

அதுக்கு நான் பண்ணது சின்ன கணக்குதான். ஷீட்ல லீட் எத்தனாவது வரிசைல எழுதப்பட்டுச்சோ அந்த நம்பர மேக்கே தரும், அத 3-ஆல வகுத்து மீதி 0 வந்தா அக்கா, 1 வந்தா தம்பி, 2 வந்தா நான். இப்ப வர்ற மெசேஜ் இப்படி இருக்கும்:

214. கூப்பிட வேண்டியது: தம்பி
சிங்காநல்லூர், சொந்த வீடு, மாடி இருக்கு
ரெண்டு மாச இபி பில்: 4,000-க்கு மேல
நம்பர், ஈமெயில்

கூப்பிட வேண்டியவங்க பேரு மொத வரிலயே இருக்கணும், ஏன்னா ஃபோன்ல நோட்டிஃபிகேஷன்ல தெரியறது அந்த ஒரு வரிதான். நம்பர +91 ஓட விட்டா அதுலயே விரல் வச்சு கூப்பிட்டுக்கலாம். கூப்பிட்டவங்க அந்த மெசேஜுக்கு ஒரு தம்ஸ் அப் போடணும், சாயங்காலம் ஆறு மணிக்கு ஓனர் தம்ஸ் அப் இல்லாதத மட்டும் மேல தள்ளி தள்ளி பாப்பாரு, அவருக்கு தெரிஞ்ச ஒரே டெக்னாலஜி அதுதான், ஆனா நல்லா வேலை செய்யுது. அந்த இபி பில் கேள்விய ஃபார்ம்லயே சேத்ததும் பெரிய உதவி, கவர்மென்ட் குடுக்கற ஃப்ரீ யூனிட்லயே முடிச்சிக்கறவங்களுக்கு பேனல் வித்து என்ன பண்றது.

அப்பறம் வேலைய விட்டு போறவங்கள அன்னிக்கே குரூப்ல இருந்து எடுத்துருங்க. எங்ககிட்ட இருந்து வேற டீலர்கிட்ட போன பையன் ஒரு மாசம் குரூப்லயேதான் இருந்தான், நாங்க யாரும் கவனிக்கல, அவன்தான் நல்லா கவனிச்சிருக்கான்.